புரொஃபைல் இருக்கிறது, செய்த வேலை எங்கே?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மூன்றாம் செமஸ்டருக்கு ஒரு செய்முறைப் பாடம் இருக்கிறது. பெயர் ‘புரொஃபஷனல் டெவலப்மென்ட்’, எண் ஜிஇ 3361, ஒரே ஒரு கிரெடிட். மொத்தம் 30 மணி நேரத்தில் வேர்டுக்குப் பத்து, எக்செலுக்குப் பத்து, பவர்பாயின்ட்டுக்குப் பத்து. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படித்துவிட்டு இப்போது வேலை தேடும் பிள்ளைகளுக்கு, தொழிலுக்குத் தயாராவது என்ற பேரில் பாடத்திட்டம் தனியாக ஒதுக்கிய இடம் இவ்வளவுதான். இணையத்தில் தன்னை யாரென்று காட்டுவது, வருகிற வேலை அழைப்பு மெய்யா பொய்யா என்று பார்ப்பது, எதைப் பதிவிடலாம் எதைக் கூடாது என்று தெரிந்துகொள்வது எல்லாம் பிளேஸ்மென்ட் செல்லின் தலையில் விழுகின்றன. பிளேஸ்மென்ட் செல்லோ எல்லோரையும் லிங்க்ட்இன் பக்கம் திருப்பிவிடுகிறது.

இந்த ஏற்பாடு மாணவருக்கு எவ்வளவு உதவுகிறது என்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்த முப்பது மணி நேரத்தைக் கேலி செய்யாமல் பார்க்க வேண்டும். போனிலேயே வளர்ந்த தலைமுறைக்கு ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்பதே புதிர். போனில் படம் கேலரியில் இருக்கும், பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் இருக்கும். ஃபோல்டர் என்ற ஒன்று கண்ணிலேயே படாது. அப்படி வருகிற பிள்ளைக்கு வேர்டில் ஸ்டைல், பொருளடக்கம், ஆவணத்துக்குப் பாதுகாப்பு, பார்வையற்றவரும் படிக்கும்படி ஆவணம் இருக்கிறதா என்ற சோதனை வரை பாடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம் பல அரசு அலுவலகங்களிலேயே நடப்பதில்லை. எக்செலின் மதிப்பைச் சொல்லவே வேண்டாம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட்டுகள் பலவற்றில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், ரிஜெக்‌ஷன் கணக்கு எல்லாம் இன்றைக்கும் எக்செலில்தான் ஓடுகின்றன. ஒரு பிவட் டேபிள் போடத் தெரிந்த பையனை அங்கே குவாலிட்டி பிரிவில் உடனே கவனிப்பார்கள்.

குறை, அதை நடத்தும் முறையில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் ஸ்க்ரீன்ஷாட்டை அச்செடுத்து ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் மதிப்பெண். கற்பனையான பத்து மாணவர்களின் கற்பனையான மதிப்பெண் பட்டியல்தான் பெரும்பாலும் பயிற்சிக்குக் கொடுக்கப்படும் தரவு. தன் தெருவின் மின்கட்டணமோ, 65 நம்பர் பேருந்துக்குக் காத்திருந்த நேரமோ அங்கே நுழைவதில்லை. மாணவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. அதனால் அந்த ஆய்வகத்திலிருந்து வெளியே எடுத்துப்போய் ஒருவரிடம் காட்டும்படி கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்தக் குறை பின்னால் பெரிதாக வளர்கிறது.

இனி லிங்க்ட்இன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் எல்லோரையும் லேபில் உட்காரவைத்து அக்கவுன்ட் தொடங்கச் சொல்வார்கள். தலைப்பு வரியில் ‘ஆஸ்பையரிங் சாஃப்ட்வேர் இன்ஜினியர்’, அதன் பக்கத்தில் ‘பேஷனேட்’, கீழே பத்துத் திறன்கள். பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கொடுப்பார், இவர் பதிலுக்கு அவருக்குக் கொடுப்பார். கல்யாண மொய் மாதிரி. அதன் பிறகு அவ்வப்போது ‘திரில்ட் டு அனவுன்ஸ்’ என்று தொடங்கும் பதிவுகள். பெரும்பாலும் நாலு வார ‘விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்’ சான்றிதழ்கள். வீடியோ பார்த்து மூன்று சின்ன வேலைகளை முடித்து அனுப்பினால் சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். சிலர் அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இதனால் என்ன பயன்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெரிய ஐடி நிறுவனம் கேட்பது பத்தாம் வகுப்பிலிருந்து அறுபது சதவீதம், அரியர் கணக்கு, பிறகு ஆன்லைன் தேர்வு. பிளேஸ்மென்ட் ஆபீசர் தகுதியுள்ளவர்கள் பட்டியலை எக்செலில்தான் அனுப்புகிறார். அந்தக் கட்டத்தில் யாரும் ஒரு மாணவரின் சுயவிளம்பரத்தைப் போய்த் திறந்து பார்ப்பதில்லை.

ஆனால் இதை வைத்து லிங்க்ட்இன் வீண் என்று தள்ளிவிட முடியாது. எதிர்த்தரப்பின் கையில் பலமான சான்று ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு வேலை கிடைப்பது நெருங்கிய சொந்தத்தைவிட, ஏதோ ஒரு வகையில் அறிமுகமானவர் மூலமாகத்தான் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே வாதிட்டார். நெருங்கியவருக்குத் தெரிந்த சேதி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் சேதி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும் என்பது அவர் கணக்கு. 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தது. இரண்டு கோடிப் பயனர்கள், ஐந்து ஆண்டுகள், அதற்குள் உருவான 200 கோடித் தொடர்புகள், ஆறு லட்சம் வேலைகள். மிக நெருங்கிய தொடர்பும் சரி, முன்பின் தெரியாதவரும் சரி, அவ்வளவாக உதவவில்லை. ஓரளவு தள்ளியிருக்கும் அறிமுகம்தான் அதிகம் உதவியது. அப்பா ஆட்டோ ஓட்டி, அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, ஐடி கம்பெனியில் இருக்கும் ‘தூரத்து அறிமுகம்’ என்று யாரும் இருக்க மாட்டார். அதைப் பரம்பரையாக வைத்திருக்கும் வீட்டுக்கும் இவருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க ஒரு கருவி உண்டென்றால், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: டிஜிட்டல் மயமான துறைகளில் தூரத்து அறிமுகம் உதவுகிறது, அவ்வளவு டிஜிட்டல் மயமாகாத துறைகளில் நெருங்கிய தொடர்புதான் உதவுகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த இரண்டு உலகமும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. அம்பத்தூர் பேட்டையில் ஆள் எடுப்பது கேட்டில் தொங்கும் பலகையைப் பார்த்து வருபவர்களிலிருந்து, அல்லது ‘நம்ம மாமா பையன்’ என்று உள்ளே இருப்பவர் கூட்டிவருபவர்களிலிருந்து. அங்கிருந்து சில ஸ்டேஷன் தள்ளிப் பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் கட்டி 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க் நிற்கிறது. அதே ஊரில்தான் இந்து கல்லூரியும் இருக்கிறது. அந்த மாடிகளுக்குள் நுழைய வேண்டிய பிள்ளைக்கு லிங்க்ட்இன் தேவைப்படலாம். பேட்டைக்குப் போகிற டிப்ளமோ, மெக்கானிக்கல் பிள்ளைக்கு அதைவிட எக்செல்லும் ஒரு நல்ல சீனியரும்தான் உதவுவார்கள். இருவருக்கும் ஒரே பட்டறையை நடத்துவது முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். தொடர்பு எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டினால் தளம் ‘500+’ என்று மட்டும் காட்டும். அந்தக் கூட்டல் குறிக்காகப் பிள்ளைகள் தங்கள் வகுப்பை, பக்கத்து வகுப்பை, பக்கத்துக் கல்லூரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐந்நூறு பேரும் அதே வேலையைத் தேடுகிறவர்கள், அதே சேதி தெரிந்தவர்கள். எந்தத் தூரத்து அறிமுகத்துக்காக இந்தக் கருவியை எடுத்தோமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரட்டிவிடுகிறோம். நாலு வருடம் முன்னால் படித்து முடித்து இப்போது எங்கேயோ வேலை பார்க்கும் முப்பது சீனியர்களைக் கல்லூரியே தேடிப்பிடித்து அறிமுகம் செய்துவைத்தால், அந்த ஐந்நூறைவிட அது மேல்.

பெயர் என்றொரு சங்கடமும் உண்டு. தளம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. நம் பிள்ளைக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இருப்பது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எஸ், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்துக் கார்த்திக் செல்வம், கோர்ஸ் சான்றிதழில் எஸ் எங்கோ விழுந்துவிட்டது. கார்த்திக் எஸ் என்று தேடினால் வருகிறவர்களில் நம் ஆளைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. இணைய அடையாளம் என்று பேசுகிற எந்தப் பட்டறையிலும் முதல் பத்து நிமிடம் இதற்குப் போக வேண்டும்: ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை, எல்லா இடத்திலும். ஆங்கிலக் கையேட்டை அப்படியே வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

அடுத்து மின்னஞ்சல். கல்லூரி கொடுத்த முகவரியிலேயே சான்றிதழ்கள், கிட்ஹப், கோர்ஸ் கணக்குகள் எல்லாவற்றையும் தொடங்குகிறார்கள். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையில்லாமல் தந்துவந்த சேமிப்பிடத்தை 2022-ல் கூகுள் அளவுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதன் பிறகு படித்து முடித்தவர்களின் கணக்கை மூடுவது கல்லூரிகளுக்கு நியாயமான சிக்கனம். மூடியதும் பாஸ்வேர்டு மறந்தவருக்கு மீட்பு மெயில் போக இடமில்லை. நாலு வருட அடையாளம் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கடைசி செமஸ்டரில் அரை மணி நேரம் ஒதுக்கி எல்லாக் கணக்குகளையும் சொந்த முகவரிக்கு மாற்றவைத்தால் போதும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

அரசு செய்ததைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ என்று அறிவித்தார்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’, ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களை இலக்காக வைத்துக் கல்லூரிக்குள்ளேயே, கிரெடிட்டோடு, காசில்லாமல் திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது. வெளியே காசு கட்டிப் படிக்க வேண்டியதைக் காசில்லாமல் தந்ததற்கு இணையான முயற்சி வேறு மாநிலங்களில் அரிது. எண்ணிக்கையில் இதற்கு முழு மதிப்பெண்.

சோதிப்பதில்தான் சறுக்கல். சான்றிதழ் என்பது கற்றதற்கு அத்தாட்சி என்றால், அதை எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல்லை இங்கே ஒப்பிடலாம். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என்று இரண்டிலும் தேற வேண்டும். நண்பனிடம் விடை வாங்கி முழு அசைன்மென்ட் மதிப்பெண் எடுத்தவரும் தேர்வுக்கூடத்தில் மாட்டிக்கொள்வார். அந்தச் சான்றிதழில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யாரும் சரிபார்க்கலாம். இந்த அளவுகோலை வைத்தால் புரொஃபைலில் அடுக்கிவைத்திருக்கும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்களில் தேறுபவை சில.

கிட்ஹப்பும் அதே கதைதான். ஒரு மென்பொருள் எப்படி வளர்ந்தது என்பதைத் தேதிவாரியாகக் காட்டும் இடம் அது. நேர்மையான சாட்சி. நம் மாணவர் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் மொத்த ஃபைலும் ஏறியிருக்கும். மாற்றக் குறிப்பில் தளமே தானாகப் போடும் ‘ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்’ என்ற வாசகம். அதைப் பார்க்கும் இன்டர்வியூவருக்கு காசுக்கு ப்ராஜெக்ட் செய்துதரும் சென்டரின் வாசனை உடனே வந்துவிடும். பையனே ராத்திரி பகலாக எழுதியிருந்தாலும் நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் எழுதிய தடத்தை அவர் வைக்கவில்லை, வைக்க யாரும் சொல்லித்தரவுமில்லை.

டிஜிட்டல் அறிவின் மறுபாதி ஏமாறாமல் இருப்பது. 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிக்யூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடக விளம்பரத்தாலும் ஏஜென்ட்டுகளாலும் இழுத்து, மியான்மருக்குக் கடத்தி, மோசடிக் கூடாரங்களில் அடைக்கிறார்கள் என்று. குறி வைத்தது ஐடி தெரிந்த இளைஞர்களை. அடுத்த மாதமே மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்திறங்கினார்கள். வேலை தேடுகிறேன் என்று பச்சை வளையம் போட்டு, போன் எண்ணோடு, எல்லோருக்கும் திறந்துவைத்த ரெஸ்யூமேதான் இப்படிப்பட்ட மோசடிக்காரர்களுக்கும் வழிகாட்டி. புரொஃபைல் போடச் சொல்லும் பட்டறை, அழைப்பு வந்த மெயிலின் டொமைன் எது, நிறுவனம் பதிவானதா, வெளிநாட்டு ஏஜென்ட் அரசின் இ-மைகிரேட் பட்டியலில் இருக்கிறாரா, இணைய மோசடியைப் புகார் செய்யும் 1930-ஐ எப்போது அழைப்பது என்று சொல்லித்தராவிட்டால், கதவைத் திறக்கக் கற்றுக்கொடுத்துப் பூட்டை மறைத்த மாதிரி. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் போர் ஊர்தி ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. அங்கே ப்ராஜெக்ட் செய்யப் போகும் மாணவருக்கு எதைப் பெருமையாகப் பதிவிடக் கூடாது என்பதும் பாடம்தான்.

பெண்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். போட்டோவோடு பொது புரொஃபைல் கட்டாயம் என்று ஒரு கல்லூரி சொல்வது சரியில்லை. வேலை விசாரிக்கிற சாக்கில் வரும் மெசேஜ்கள் எப்படிப்பட்டவை என்று எந்த மாணவியைக் கேட்டாலும் சொல்வார். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. இன்டர்னல் மார்க்கைக் காட்டி வாங்கும் சம்மதத்தை அப்படிச் சொல்ல முடியாது. 18 வயது ஆகாத ஒருவரை அந்தச் சட்டம் குழந்தையாகத்தான் பார்க்கிறது. முதல் செமஸ்டரில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய.

அமெரிக்காவில் வர்ஜீனியாவிலுள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2012-ல் சோதனையாகவும் 2013-ல் முழுமையாகவும் வேறு வழியைப் பிடித்தது. மாணவருக்குச் சொந்தமாக ஒரு டொமைன் கொடுத்து, படிக்கும்போது செய்வதை அதில் வைக்கச் சொல்லி, படித்து முடித்தால் அதைக் கையோடு எடுத்துப்போகவிட்டது. எனக்குப் பிடித்தது அதன் சொந்தம் என்ற கொள்கை. அப்படியே இங்கே நட முடியுமா என்றால் தயங்குவேன். வருடா வருடம் புதுப்பிக்கும் காசு சில நூறு ரூபாய்தான், ஆனாலும் அதை மறக்கிற பிள்ளையின் பெயரில் நாளைக்கு யாரோ சூதாட்டத் தளம் நடத்துவார்கள். அந்தக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு இடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாம் செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற பாடத்தின் கடைசி அலகு அறிவியல் தமிழும் கணித்தமிழும்: தமிழ் மென்பொருள், இணையக் கல்விக்கழகம், மின்னூலகம், சொற்குவை. மாணவர் இவற்றைப் பற்றிப் படித்துத் தேர்வில் எழுதுகிறார்; தமிழில் தட்டச்சு செய்யாமலே தேறியும் விடுகிறார். அதே அலகுக்கு அசைன்மென்ட்டாக, 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றிய ஒரு கட்டுரையை ஆதாரத்தோடு திருத்தச் சொல்லலாம். திருமுல்லைவாயில் கோயில், அம்பத்தூர் ஏரி, பட்டாபிராம் என்று எதுவானாலும் சரி. ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் தேதியோடு நிற்கும். ஆதாரமில்லாமல் எழுதினால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நீக்குவார். அதைப் பேச்சுப் பக்கத்தில் வாதாடித்தான் மீட்க வேண்டும். தகவலைச் சரிபார்ப்பது, மூலம் காட்டுவது, பொதுவெளியில் நாகரிகமாகச் சண்டை போடுவது என்று மூன்றும் இதில் வந்துவிடும். புனைபெயரில் செய்யலாம், போட்டோ தேவையில்லை. மாணவி விரும்பினால் அதைத் தன் ரெஸ்யூமில் இணைப்பார், இல்லையென்றால் விட்டுவிடுவார்.

ஆகவே என் முடிவு இது. கருவி கொடுத்ததிலும் பயிற்சியைப் பரப்பியதிலும் ஏற்பாடு தேறிவிட்டது. எக்செல் வகுப்பு, நடத்தும் முறை திருந்தினால், தேறும். லிங்க்ட்இன் பட்டறை இன்றிருக்கும் வடிவில் தேறவில்லை. தூரத்து அறிமுகம் தேடித்தரும் அதன் உண்மையான பயனை அது தொடவே இல்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு வேலையைச் செய்து தடம் வைப்பதும் மோசடியை அடையாளம் காண்பதும் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக வேண்டும். பொதுவெளியில் முகம் காட்டுவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். இன்று பல கல்லூரிகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

அந்த 30 மணி நேரத்தில் எக்செலுக்குப் பத்தை அப்படியே வைத்து, உண்மையான தரவைக் கொடுக்கட்டும். வேர்டும் பவர்பாயின்ட்டும் எட்டில் முடியும். மிச்சமாகும் பன்னிரண்டில் பெயர், மெயில், மோசடி, தேதிவாரியாகத் தடம் விட்டுச் செய்த ஒரு வேலை. இந்தப் பக்கத்திலுள்ள தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்தின் அடுத்த ஒழுங்குமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லை; ஆனால் அசைன்மென்ட் என்ன கொடுப்பது என்பது பாடம் எடுக்கும் ஆசிரியர் கையில் இருக்கிறது. விக்கிப்பீடியா வேலையை வரும் செமஸ்டரிலேயே அவர் கொடுக்கலாம்.